மூணு இஞ்ச் அண்ணாச்சி

சாரல் விழ ஆரம்பித்ததும் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் கிளம்பி வருகிறது. பேரருவியில் தலையைக் கொடுக்கிறார்கள், ஐந்தருவியில் வரிசையில் நிற்கிறார்கள், பார்டரில் புரோட்டாவும் கோழியும் தின்கிறார்கள், சுந்தரபாண்டியபுரம் போய்ச் சூரியகாந்திக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். மூணு இஞ்ச் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனைக்கும் அவருக்குக் கட்டணம் கிடையாது, சீசன் கிடையாது. வருஷம் பூராவும் கொட்டிக்கொண்டே இருப்பார்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் ஏதாவதொரு பட்டறை வாசலில் அவரைக் காணலாம். நாற்பதைத் தொட்ட வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு இஞ்ச் டேப். தொழில் இரும்புக்கடையாகவோ மரக்கடையாகவோ இருக்கும். அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். வண்டி, அப்பா காலத்து மஹிந்திரா ஜீப்பாக இருக்கலாம், 2010இல் வந்த பழைய தாராக இருக்கலாம், 2020 காந்தி ஜெயந்தியன்று வந்த புதுத் தாராகவும் இருக்கலாம். எண் டி.என். 76 என்று தொடங்கும். நீங்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால், நீங்கள் கிளாஸை வாயில் வைப்பதற்குள் அவர் உங்கள் டயருக்கும் மட்காடுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து முடித்திருப்பார். அளந்துவிட்டு உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

புதுத் தாரைக் கம்பெனிக்காரன் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தியிருக்கிறான். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் என்கிறான். அண்ணாச்சிக்கு அது போதாது. எதற்குப் போதாது என்று கேட்கக் கூடாது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. அதில் அவர் கடக்கும் பெரிய தடை வேகத்தடைதான். திருநெல்வேலி சாலையை நான்கு வழியாக்கத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் அவர் கட்சிக்குக் கொஞ்சம் வலு இருந்தது. "ரோட்டைப் பாத்தீயளா? ஒசத்தாம முடியுமா?" என்பார். ரோடு போட்டதில் ஊருக்கெல்லாம் சந்தோஷம், அவருக்கு மட்டும் ஒரு வாதம் போயிற்று.

உயர்த்துவது என்று முடிவு செய்து வெகுகாலமாகிறது. எப்படி உயர்த்துவது என்பதில்தான் சிக்கல். பாடி லிஃப்ட்டா, சஸ்பென்ஷன் லிஃப்ட்டா? வீட்டுக்கு மாடி எடுப்பதா வேண்டாமா என்பதை ஒரே சாயங்காலத்தில் முடிவு செய்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மூன்று சாரலைக் கடத்திவிட்டார்.

பட்டறைக்காரப் பாய் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. பாடி லிஃப்ட்டுங்கது ஆத்துல எறங்கும்போது வேட்டிய மடிச்சுக் கட்டுதது. வேட்டிதான் மேல போவும், காலு அதே காலு. சஸ்பென்ஷன் லிஃப்ட்டுன்னா பொய்க்கால் கட்டிக்கிட்டு நடக்குதது. ஆளே ஒசந்துருவாரு, ஆனா நடக்கப் படிக்கணும்."

இதைவிடச் சுருக்கமாக எந்த என்ஜினீயரும் சொல்லிவிட முடியாது. ஜீப்பு, தார், பொலிரோ மாதிரி வண்டிகளுக்குக் கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் உண்டு, அதுதான் சேஸ். அதன் மேல் பாடியை ரப்பர் திண்டு வைத்துப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பாடி லிஃப்ட் என்றால் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியால் பாடியைத் தூக்கி, லேத்தில் கடைந்த நைலான் கட்டையோ அலுமினியக் கட்டையோ நடுவில் கொடுத்து, நீள போல்ட்டாகப் போட்டு முறுக்குவது. என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்பிரிங் பட்டை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஓட்டும் குணம் அதிகம் மாறாது, செலவும் குறைவு. மட்காடு மேலே போய்விடுவதால் பெரிய டயர் போட இடம் கிடைக்கும். அதுதான் லாபம், அது மட்டும்தான். பதிலுக்கு ஸ்டியரிங் தண்டு எட்டாது, கியர் கம்பி குட்டையாகிவிடும், டீசல் ஊற்றும் குழாய் இழுபடும். பம்பர் சேஸோடு கீழேயே தங்கிவிட, அதற்கும் பாடிக்கும் நடுவே பல் விழுந்த வாய் திறந்திருக்கும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் சேஸும் சேர்ந்து ஏறும். பட்டை வண்டியில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள், ஷாக்கிளை நீளமாக்குவார்கள், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை முன் அச்சில் மட்டும் வைக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு திருகும். உயரம் ஏறினால் புரொபல்லர் ஷாஃப்ட் சாய்வாகி, அதன் கிராஸ் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் பற்றாது, ஷாக்கப்சர் மாற்ற வேண்டும், ஸ்டியரிங் அலைபாயும். ஆனால் கல்லும் குழியுமான இடத்தில் சக்கரம் தரையைத் தேடி இறங்குவதற்கு இடம் கிடைக்கும். ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை. ஒழுங்காகச் செய்ய ஆகும் காசுக்குத் தம்பியின் கையெழுத்தும் வேண்டும்.

பழைய தார்க்காரர்களில் பலருக்கு ஓசியில் ஒரு வழி உண்டு. அவர்கள் வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. நட்டை நாலு சுற்றுச் சுற்றினால் மூக்கு மேலே ஏறிவிடும். காசு செலவில்லை. சஸ்பென்ஷன் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டுத்தான் அந்த உயரம் வருகிறது என்பது முதல் பள்ளத்தில் முதுகெலும்புக்குத் தெரியும். மலிவானவற்றில் இதுதான் மோசமானது என்பது என் தீர்ப்பு. அண்ணாச்சி இதைத் தொடவில்லை. ஓசி என்பதால்தான் தொடவில்லை; அவருக்குக் கௌரவம் உண்டு.

ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில்தான் இருந்தார். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் நண்பர்களோடு அதிலேயே பொழுதைக் கழித்துவிடுவாராம். அந்த ரசனை இந்த மண்ணை விட்டுப் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் பாயின் பட்டறைக்குச் சாயங்காலம் ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே பாடி கட்சி ஒன்று, சஸ்பென்ஷன் கட்சி ஒன்று. அண்ணாச்சி இரண்டிலும் உறுப்பினர். காலையில் பாடி, டீக்குப் பிறகு சஸ்பென்ஷன். மருமகன் செல்போனில் ஆஸ்திரேலியாக்காரன் ஒருவனைக் காட்டுவான். அந்த ஆள் மனிதர் இல்லாத பாலைவனத்தில் வண்டியைச் செங்குத்தாக ஏற்றிக்கொண்டிருப்பான். "இவன் போட்டிருக்கது எத்தன இஞ்ச்?" என்று கூட்டம் கேட்கும். 'இவனுக்கு அங்கே என்ன வேலை' என்று யாரும் கேட்பதில்லை.

மச்சினனுக்கும் ஆசை தொற்றியது. அவருடையது கிரெட்டா. பாயிடம் கொண்டுபோய் நிறுத்தி, "இதுக்கும் பாடி லிஃப்ட் போட்டுருவோம்" என்றார். பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது சேஸும் பாடியும் ஒண்ணா அடிச்ச வண்டி. எதுக்கும் எதுக்கும் நடுவுல கட்டய வைக்கச் சொல்லுதீய?" மச்சினன் அந்த வாரமே டாக்சிக்காரர்கள் செய்கிற மாதிரி சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் வளையம் ஒன்றைச் செருகிக்கொண்டு, தானும் லிஃப்ட் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அண்ணாச்சி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தச் சபையில் வாய் திறக்காமல் டீ குடிக்கிற ஒருவர் உண்டு. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற பிக்கப் டிரைவர். அவர் வண்டிக்குப் பின்னால் கூடுதல் பட்டை ஏற்றியிருக்கிறது. அண்ணாச்சிக்கு அதில் ஒரு கண். ஒருநாள் டேப்போடு கீழே குனிந்துவிட்டார்.

"எத்தன இஞ்ச் ஏறிருக்கு?"

"இஞ்செல்லாம் பாக்கல அண்ணாச்சி. தக்காளி ஏத்துனா குண்டி தரையில ஒரசாம இருக்கணும், அம்புட்டுதான்."

"ஓட்டம் எப்படி?"

"லோடோட போனா பூ மாதிரி போவும். காலி வண்டியா திரும்புதப்போ கொடலு வாய்க்கு வந்துரும்."

அண்ணாச்சியின் வண்டி எப்போதுமே காலி வண்டி என்பதை அவர் சொல்லவில்லை. நயத்தக்க மனிதர்.

இத்தனை பேச்சிலும் எல்லாரும் சுற்றிச் சுற்றித் தவிர்க்கிற உண்மை ஒன்று வண்டிக்கு அடியில் தொங்குகிறது. பின் அச்சின் நடுவே உருண்டையாக டிஃபரன்ஷியல் இருக்கிறதே, தரைக்கு ஆகப் பக்கத்தில் இருப்பது அதுதான். கல் முதலில் அடிப்பது அதைத்தான். பாடியைத் தூக்கினால் அது ஏறாது. ஸ்பிரிங்கைத் தூக்கினாலும் ஏறாது. அச்சு சக்கரத்தோடு தரையில்தானே நிற்கிறது! அதை ஏற்ற டயர் ஒன்றால்தான் முடியும். அதிலும் பாதிதான் கிடைக்கும். 29 இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு 31 இஞ்ச் போட்டால் அச்சு ஏறுவது ஒரே இஞ்ச். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும். மைலேஜ் குறையும். பாய் இந்தக் கணக்கைச் சுவரில் சாக்கட்டியால் போட்டுக் காட்டியபோது பட்டறையில் பெரிய அமைதி நிலவியது. அண்ணாச்சி எழுந்து போய் வெற்றிலை வாங்கிவந்தார். பிறகு, "அப்பம் டயரையும் சேத்து மாத்திருவோம்" என்றார்.

டயர் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், இங்கே அருவித் திவலை தெறிப்பதில் சூரியனின் தேர்ச் சக்கரமே வழுக்குவதாகக் குற்றாலக் குறவஞ்சியில் பாடி வைத்திருக்கிறார். சூரியன் தேருக்கே பிடிப்பு இல்லாத ஊரில் டி.என். 76 எம்மாத்திரம்! நனைந்த சாலையில் பிடிப்பைத் தருவது டயரின் தடமும் காற்றழுத்தமும்தான். உயரம் அதற்கு உதவாது. கெடுக்க மட்டும் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கி ஆய்க்குடி, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கிறது. அந்தக் காற்றை விலாவில் வாங்கிக்கொண்டு, என்ஜின் முதல் எல்லாப் பாரத்தையும் மேலே தூக்கி வைத்த வண்டியில் புளியரை எஸ் வளைவில் திரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடி லிஃப்ட்டில் பாரமான உறுப்புகள் கீழேயே இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் குறைவு.

எஸ் வளைவு என்றதும் கேரள எல்லை ஞாபகம் வருகிறது. அண்ணாச்சியின் கனவெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். வாகமண் மேட்டில் ஜீப்பை ஏற்ற வேண்டும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்து, பதிவுச் சான்றில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்தில் கிளம்பிய வழக்கொன்று டெல்லி வரை போய், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தந்திருத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று எழுதிவிட்டார்கள். வக்கீல் நண்பர் இதை விளக்கியபோது அண்ணாச்சி கேட்ட ஒரே சந்தேகம்: "ரெண்டு இஞ்ச் ஒசத்துனா அது ஒரு மாத்தமா, ரெண்டு மாத்தமா?"

ஆரியங்காவு செக்போஸ்ட்டில் நிற்பவர்களுக்கு உயர்த்திய வண்டி வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். உயர்த்துவதே தெரிவதற்குத்தானே! ஆக, மலை ஏறுவதற்காகத் தூக்குகிற வண்டி, தூக்கிய பிறகு மலைக்குப் போக முடியாது. உள்ளூரில் செண்பகாதேவி அருவிக்கு நடந்துதான் போக வேண்டும், அதற்கும் வனத்துறை விட்டால்தான். மிச்சம் குண்டாறு. அணைக்கு மேலே பாறையும் சேறுமான தடத்தில் பழைய ஜீப்புகள் அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி கொடுத்த உயரம், ஒட்டுப் போட்ட பெயின்ட். டிரைவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுவார். அவரிடம் அண்ணாச்சி லிஃப்ட் பற்றிப் பேச்செடுத்தார். அவர், "எதுக்கு அண்ணாச்சி? கல்லு எங்க கெடக்குன்னுதான் நமக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார்.

கடைசியில் போன ஆவணியில் காரியம் நடந்தது. பாடி லிஃப்ட், இரண்டு இஞ்ச். "மூணு இஞ்ச் போட்டா ஸ்டியரிங்க உங்க வீட்டுலயே வச்சிட்டுத்தான் ஓட்டணும்" என்று பாய் மறுத்துவிட்டார். மூன்று என்று ஊரில் பேர் விழுந்துவிட்டதால் அண்ணாச்சி அதைத் திருத்தவில்லை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, வீட்டு ஆச்சியை முதலில் உட்காரவைத்துக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆச்சிக்கு எண்பதுக்கு மேல். வண்டியின் முன் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மறுகாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏல, வண்டிய ஒசத்துனியே, ஆச்சியவும் ஒரு சாண் ஒசத்துனியா?"

உள்ளேயிருந்து ஸ்டூல் வந்தது. ஸ்டூலில் ஏறி, மருமகள் பின்னால் தாங்க, பேரன் மேலிருந்து கையைப் பிடிக்க, ஆச்சி ஏறி உட்கார்ந்தாள். கோயில் வாசலில்தான் தெரிந்தது, ஸ்டூல் வீட்டிலேயே நின்றுவிட்டது. பூக்கடைக்காரம்மா ஒரு மரப்பெட்டி கொடுத்து உதவினாள். ஆச்சி இறங்கிச் சொன்னது: "விசுவநாதரப் பாத்ததுல பாதி புண்ணியம் எறங்குனதுலயே போயிட்டு. திரும்ப ஆட்டோவுல போவோம்."

மறுநாள் அண்ணாச்சி பாயிடம் போய் இரண்டு பக்கமும் படி வைக்கச் சொன்னார். ஆச்சி கால் எட்ட வேண்டுமே. படியைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டியிருந்தது. சேஸில் வெல்டிங் வைத்து, கனமான இரும்புக் குழாயை வளைத்துப் போட்டார்கள். பாய் டேப்பை வாங்கி, தரையிலிருந்து படிவரை அளந்தார். தூக்குவதற்கு முன்னால் வண்டியின் பக்கவாட்டு அடிப்பாகம் இருந்த உயரத்தையும் சொன்னார். படி அதைவிடத் தாழ்வாக இருந்தது. இப்போது காசிமேஜர்புரம் பக்கம் ஒரு வேகத்தடையில் முதலில் தட்டுவது அந்தப் படிதான். முன்பு அந்த வேகத்தடையை அண்ணாச்சி கவனித்ததே கிடையாது. இனி சஸ்பென்ஷனையும் ஒரு இரண்டு இஞ்ச் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்.

எவ்வளவு சொன்னாலும் தூக்கியே தீருவேன் என்கிற அண்ணாச்சிமாருக்கு இரண்டு விண்ணப்பம். லேத்தில் கடைந்த கட்டையை நம்பலாம். மரக்கட்டையை மட்டும் சேஸுக்கு மேல் வைத்துவிடாதீர்கள். வண்டி மேலே போனால் முன்விளக்கின் வெளிச்சமும் மேலே ஏறும். ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து அதைக் கீழே இறக்கி வையுங்கள். ராத்திரி புளியரை இறக்கத்தில் எதிரே தக்காளி ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கும் ரோடு தெரிய வேண்டும்.